சுவர் தருவோம், சித்திரம் வரும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. உடம்பைப் பேணாமல் ஊர் சுற்றும் பிள்ளைகளைக் கண்டிக்கும்போது பெரியவர்கள் இதைச் சொல்வார்கள். ஆனால் அப்பழமொழியின் நேரான பொருளை நாம் ஒருநாளும் எண்ணிப் பார்ப்பதில்லை. சித்திரம் எழுத ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவரை யாராவது கொடுக்க வேண்டும். நம் பெண் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்திருக்கிறோமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இந்தியாவில் எல்லோரும் பெயரறிந்த ஓர் ஓவியரின் வரலாற்றைக் கொண்டு இதை ஆராய்வோம்.

இராஜா இரவிவர்மா 1848 ஏப்ரல் 29-ஆம் நாள் திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் பிறந்தார். தாயார் உமா அம்பா பாய் கவிதை எழுத வல்லவர். தந்தையார் வடமொழி அறிஞர். சிறுவன் இரவிவர்மா வீட்டுச் சுவர்களில் கரியால் யானையும் குதிரையும் வரைந்து தள்ளினான் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். வேறு வீடாக இருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பார்கள். அவருடைய தாய்மாமன் இராஜராஜவர்மா அடிக்கவில்லை. அருகில் அமர்த்தித் தாமே சித்திரம் கற்றுக் கொடுத்தார். சுவாதித் திருநாள் மன்னர் அவையில் இருந்த மதுரை ஓவியர் அளகிரி நாயுடுவிடம் சித்திரம் பயின்றவர் அந்த மாமன். ஆகவே இரவிவர்மாவின் கலைக்கு நம் மதுரையும் ஒரு தாய்வீடு என்று நாம் பெருமைப்படலாம்.

1862-இல், பதினான்காம் வயதில், மாமன் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மன்னர் முன் நிறுத்தினார். அரண்மனையில் எண்ணெய் வண்ண ஓவியம் அறிந்தவர் மதுரை இராமசாமி நாயுடு. இந்த இளைஞன் நாளை நமக்குப் போட்டியாவான் என்று கண்டோ என்னவோ, அவர் அந்த வித்தையைச் சொல்லித் தரவில்லை. அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை என்பவர், குருவுக்குத் தெரியாமல் இரவில் வந்து, தாம் அறிந்ததைச் சொல்லிக் கொடுத்தாராம். 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மன்னரின் உருவப்படம் தீட்ட வந்தார். அவரும் கற்பிக்க உடன்படவில்லை. தாம் தீட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் இசைந்தார். இரவிவர்மா நின்று பார்த்தார். பார்த்ததைத் தம் அறையில் செய்து பார்த்தார். தவறினால் மீண்டும் செய்தார். இப்படிப் பல ஆண்டு உழைத்த பின்னரே அந்தக் கை நமக்குத் தெரிந்த இரவிவர்மாவின் கை ஆயிற்று.

1873-இல் சென்னையில் நடந்த கலைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே படம் வியன்னா நகர்க் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு, இசைக்கருவி வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் படத்துக்கு மீண்டும் சென்னையில் பதக்கம். 1876-இல் துஷ்யந்தனுக்கு ஓலை எழுதும் சகுந்தலையின் படத்தைச் சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் விலைக்கு வாங்கினார். சென்னையிலுள்ள பக்கிங்காம் கால்வாய் அவர் பெயரைத் தாங்கியதே. பரோடா மன்னருக்காகப் பதினான்கு புராணப் படங்களை 1890-இல் முடித்தார். 1893-இல் அமெரிக்காவின் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் அனுப்பிப் பரிசு பெற்றார். அந்தப் பத்தும் பெரும்பாலும் இந்தியாவின் பல பகுதிப் பெண்களைப் பற்றியவை. 1904-இல் அரசின் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வந்தது. 1906 அக்டோபர் 2-ஆம் நாள் கிளிமானூரிலேயே மறைந்தார். அவர் மறைவுக்கு இரங்கி மகாகவி பாரதியார் பாடல் எழுதினார் என்பது தமிழர் மறக்கலாகாத செய்தி.

இரவிவர்மா கையாண்ட முறை ஐரோப்பியக் கலைக்கழகங்களில் கற்பிக்கப்பட்ட முறை. உடலின் அமைப்பை அளந்து அறிவது, ஒளியும் நிழலும் விழும் இடத்தைக் கணிப்பது, பட்டின் பளபளப்பையும் தோலின் மென்மையையும் தூரிகைத் தடம் தெரியாமல் இழைப்பது ஆகியவை அதன் இலக்கணம். பிரான்சு நாட்டில் அம்முறையின் தலைமகனாக விளங்கியவர் வில்லியம் பூகரோ. 1825-இல் லா ரொஷேல் துறைமுகத்தில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். குருவாக இருந்த சிற்றப்பா ஒருவர்தாம் அவரைக் கல்வியில் ஊக்கினார். படிக்கப் பணமில்லாதபோது ஜாம் புட்டிகளுக்கு ஒட்டும் அச்சுச் சீட்டுகளுக்குப் படம் எழுதிச் சம்பாதித்தார். 1850-இல் ரோமாபுரிப் பரிசு பெற்றார். நூற்றுக் கணக்கில் படங்கள் தீட்டினார். மகன் இறந்த துயரில் 1876-இல், உயிரற்ற இயேசுவை மடியில் ஏந்திய அன்னையின் படத்தைத் தீட்டினார். அடுத்த ஆண்டு மனைவியையும் கைக்குழந்தையையும் பறிகொடுத்தார். அப்போது தீட்டியது ஆறுதல் அளிக்கும் அன்னையின் படம். இறந்த குழந்தை தரையில் கிடக்க, அதன் தாய் மரியன்னையின் மடிமேல் சாய்ந்து அழுகிறாள். தம் வீட்டுத் துக்கத்தை ஊரார் எல்லோரும் அழக்கூடிய படமாக மாற்றிய அம்மனிதரை வெறும் மெருகுக்காரர் என்று தள்ளிவிட முடியுமா?

ஆனால் அப்படித்தான் தள்ளினார்கள். பூகரோ 1905-இல் மறைந்தார். அதன்பின் புதுமை ஓவியர்களின் காலம் வந்தது. இனிப்புப் பண்டம் என்று அவரை ஏளனம் செய்து, படங்களை நிலவறைக்கு அனுப்பினர். இங்கே இரவிவர்மாவுக்கும் அதே கதி நேர்ந்தது. ஆனந்த குமாரசுவாமியும் சகோதரி நிவேதிதாவும், இது நாடக மேடைக் காட்சி, இந்தியக் கலையின் ஆன்மா இதில் இல்லை என்ற கருத்தில் கடுமையாக எழுதினர். காலண்டர் படம் என்பதே ஒரு வசைச்சொல் ஆயிற்று. பிற்காலத்தில் இருவரையும் உலகம் மறுபடி மதிக்கத் தொடங்கியது. 1979-இல் இந்திய அரசு இரவிவர்மாவின் ஓவியங்களை நாட்டின் கலைச் செல்வமாக அறிவித்து, வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லத் தடை விதித்தது.

காலண்டர் படம் என்ற அந்த வசையைப் பற்றிச் சற்றே சிந்திப்போம். கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர். டி. மாதவராவ், 1884-இல் இரவிவர்மாவுக்கு ஒரு யோசனை கூறினார். உங்கள் படங்களுக்கு நாடெங்கும் தேவை இருக்கிறது. இரண்டு கைகளால் எத்தனை தீட்ட முடியும்? ஐரோப்பாவில் அச்சிட்டு வரவழையுங்கள் என்பது அதன் சாரம். பத்தாண்டு கழித்து, 1894-இல், பம்பாயிலேயே இரவிவர்மா அச்சகம் தொடங்கினார். பின்னர் அது லோனாவாலா அருகிலுள்ள மளவ்லிக்கு மாறியது.

அந்த அச்சுமுறை நம் அரியலூர்ப் பெண்களுக்கு எளிதில் விளங்கும். ஏனெனில் அது சுண்ணாம்புக் கல்லை வைத்துச் செய்யும் வேலை. 1796-இல் ஜெர்மனியில் அலாய்ஸ் செனெபெல்டர் கண்டுபிடித்தது. மிக நுண்ணிய சுண்ணாம்புக் கற்பலகை ஒன்றில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் எழுதுவார்கள். பின்பு கல்லை நீரால் நனைப்பார்கள். வெற்றிடம் நீரை உறிஞ்சும்; பசையுள்ள இடம் நீரை ஏற்காது. இப்போது அச்சு மையை உருட்டினால், எண்ணெய்க்கும் நீருக்கும் பகை அல்லவா, மை படத்தில் மட்டும் ஒட்டும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் தாளுக்கு வந்துவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல். பல கற்களின் நிறங்கள் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். நம் சாலைகளில் லாரி லாரியாகச் சிமெண்டு ஆலைக்குப் போகிறதே, அதே இனத்துக் கல்தான் ஒரு காலத்தில் இந்திய வீடுகளுக்கு இலட்சுமியையும் சரசுவதியையும் கொண்டு வந்து சேர்த்தது.

வணிகத்தில் இரவிவர்மா வெற்றி பெறவில்லை. கடன் ஏறியது, சில ஆண்டுகளிலேயே அச்சகத்தைப் பிரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். 1972-இல் அது தீக்கிரையாயிற்று. ஆயினும் அவர் தொடங்கி வைத்தது நிற்கவில்லை. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936-இல். சென்னை மாகாணச் சட்டம் வந்தது 1939-இல். அதற்கு முன்பு, சாதியின் பெயரால் கோயில் வாசலிலேயே நிறுத்தப்பட்ட மக்கள் இலட்சக் கணக்கில் இருந்தார்கள். அப்படிப்பட்டவனின் குடிசைச் சுவரிலும் சில காசுக்கு வாங்கிய ஒரு படம் தொங்கியது. அதை மலிவுக் கலை என்பவர்கள் கோயிலுக்குள் நிற்க இடம் கிடைத்தவர்கள். வெளியே நின்றவனைக் கேட்டிருந்தால் வேறு விடை கிடைத்திருக்கும் என்பது என் துணிபு. நம் கிறிஸ்தவ வீடுகளில் திரு இருதய ஆண்டவர் படமும் வேளாங்கண்ணி மாதா படமும் தொங்குவதும் இந்த அச்சுக் கலை செய்த உபகாரமே.

அன்னிய முறை என்ற குற்றச்சாட்டும் எனக்கு ஏற்புடையதன்று. நம் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பித் தமிழ் வளர்த்த வீரமாமுனிவர் இத்தாலி நாட்டவர். அவர் கோணான்குப்பத்தில் அமைத்த பெரியநாயகி அன்னையோ சேலை உடுத்தித் தமிழ்த் தாயாக நிற்கிறாள். வெளியிலிருந்து வருவதை நமதாக்கிக் கொள்வது தமிழுக்குப் புதிதா என்ன? மேனாட்டு வண்ணத்தைக் கொண்டு இந்தியப் புராணத்தைத் தீட்டிய இரவிவர்மாவும் அதையே செய்தார்.

ஆனால் அவரிடம் எனக்குள்ள குறை வேறு. அதை இந்தப் பெண்கள் பள்ளி மலரில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? அவர் தீட்டிய தேவியரைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லோரும் வெளுத்த மேனியர். நாடோடிக் குடும்பம் ஒன்றை அவர் தீட்டியதுண்டு; ஆனால் வறுமையைக் காட்டவே அந்தக் கறுப்பு பயன்பட்டது. தெய்வம் என்றால், அரசி என்றால், அழகி என்றால் சிவந்த நிறம். அச்சகம் இந்த முகங்களை ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கியது. சோப்புக்காரரும் பால்மாவுக்காரரும் அவற்றை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டனர். நம் திரு இருதயப் படங்களிலும் மாதா படங்களிலும் ஐரோப்பிய முகமே அச்சாகி வந்தது. நூறாண்டுக்கு மேலாக ஒவ்வொரு வீட்டுச் சுவரும் ஒரே பாடத்தைச் சொல்லிக் கொண்டிருக்கிறது. ஜெயங்கொண்டத்திலும் குன்னத்திலும் செந்துறையிலும் வெயிலில் வளர்கிற கருத்த பெண் குழந்தை, சுவரில் தொங்கும் எந்த முகத்திலும் தன் சாயலைக் காண்பதில்லை. முகப்பூச்சுக் களிம்பு விற்பவர்கள் அவளை எளிதாகப் பிடித்துக் கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் அல்லவா?

தூரிகை யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் பார்த்த அழகே ஊருக்கு அழகாகிறது. ஆகவேதான் இரவிவர்மாவின் தங்கையைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன்.

மங்களா பாய் தம்புராட்டி என்பது அவர் பெயர். அதே வீடு, அதே தாய், அதே மாமன். அவரும் ஓவியர். அண்ணன் இரவிவர்மாவின் உருவத்தை அவரே எண்ணெய் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார். இளைய அண்ணன் சி. இராஜராஜவர்மாவும் ஓவியர்; அவர் மூத்தவருடன் பம்பாய், பரோடா, மைசூர் என்று நாடெங்கும் சென்று, உடனிருந்து தீட்டி, நாட்குறிப்பும் எழுதி வைத்தார். தங்கை வீட்டில் இருந்தார். இரவிவர்மாவை அறிந்தவர் கோடிப் பேர். மங்களா பாயை அறிந்தவர் எத்தனை பேர்? திறமை குறைவு என்று எவரும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஏனெனில் அத்திறமை வெளியே போய்ப் போட்டியிட வழியே இருந்ததில்லை. ஜென்சன் தீட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பாவது அண்ணனுக்குக் கிடைத்தது.

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. நாகரிகத்தின் தலைநகர் என்று புகழப்பட்ட பாரிசு மாநகரில், அரசின் கவின்கலைப் பள்ளி பெண்களைச் சேர்த்துக் கொண்டது 1897-இல்தான். அதுவரை பெண்கள் தனியார் கூடங்களில் கட்டணம் செலுத்திப் படித்தனர். அவற்றுள் ஒன்றான ஜூலியன் கலைக்கூடத்தில் பூகரோ ஆசிரியராக இருந்தார். அவர் பிற்காலத்தில் மணந்த எலிசபெத் கார்டனர் என்ற அமெரிக்க மாதும் தம் சொந்த உழைப்பால் பெயர் பெற்ற ஓவியரே.

கதவு திறந்தபின் நடந்ததையும் பாருங்கள். அந்தப் பாரிசுப் பள்ளியில் 1930-களின் தொடக்கத்தில் ஓர் இந்தியப் பெண் படித்தாள். அவள்தான் அம்ரிதா ஷெர்கில். தந்தை பஞ்சாப் சீக்கியர். தாய் அங்கேரி நாட்டவர். தாய்நாடு திரும்பியபின் தென்னாட்டைச் சுற்றிப் பார்த்து, 1937-இல் மணப்பெண்ணின் அலங்காரம், சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார் முதலிய படங்களைத் தீட்டினார். அங்கே முதன்முறையாக நம் நிறம் நம் நிறமாகவே, கம்பீரத்தோடு நிற்கிறது. இரக்கத்துக்காகக் காட்டிய கறுப்பு அன்று அது. 1941-இல், இருபத்தெட்டே வயதில் அவர் மறைந்தார்; அவருடைய ஓவியங்களும் இன்று நாட்டின் கலைச் செல்வங்கள். பம்பாயில் வாழ்ந்த கோவாக் குடும்பத்துக் கத்தோலிக்கப் பெண் ஆஞ்சலா டிரினிடாடு, மரியன்னைக்குச் சேலை உடுத்தி இந்திய முகம் தந்து தீட்டிப் புகழ் பெற்றார். தூரிகை பெண்ணின் கைக்கு வந்ததும் முகங்கள் மாறின என்பதற்கு இவர்களே சான்று.

இனி நம் ஊருக்கு வருவோம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சித்திரத்துக்குப் பஞ்சமா? கங்கைகொண்ட சோழபுரத்தில் சண்டேசருக்குச் சிவபெருமான் மலர்மாலை சூட்டும் சிற்பத்தைப் பார்க்க உலகின் பல பாகங்களிலிருந்தும் வருகிறார்கள். நாம் ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருந்துகொண்டு, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கொண்டு போய் அதன் முன் உட்கார்ந்ததுண்டா? மார்கழியில் புள்ளிக் கோலம் இழுக்கும் கை, ஒளியும் நிழலும் கற்றால் எதைத்தான் எழுதாது? பருத்திக் காட்டில் மடி கட்டி எடுக்கும் அம்மாவை, சின்ன வெங்காயம் ஆய்ந்து குவிக்கும் ஆயாவை, முந்திரிக் கொட்டை உடைத்துப் பால் பட்டுக் கறுத்த விரல்களை இதுவரை யார் தீட்டினார்கள்? இரவிவர்மா இவர்களைப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் நீங்கள்.

பெற்றோர் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி, பெண்ணைப் பெற்றவர் கேட்க வேண்டியதே. சென்னைக் கவின்கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. நமக்கு இன்னும் அருகில், கொள்ளிடம் தாண்டினால், கும்பகோணத்திலேயே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் அங்குச் சேர்ந்து பட்டம் பெறலாம். துணி வடிவமைப்பு, அச்சு, விளம்பரம், திரைப்படம், ஆசிரியப் பணி எல்லாமே வரையத் தெரிந்த கையைத் தேடுகின்றன. மருத்துவமும் பொறியியலும் நல்லவையே. ஆனால் எல்லாக் குழந்தையையும் ஒரே வாசல் வழியாகத் தள்ளினால் வாசலில் நெரிசலே மிஞ்சும். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உங்கள் மகள் முகம் வரைந்திருந்தால், படிக்காமல் கிறுக்கினாயா என்று கேட்கும் முன், அந்த முகத்தை ஒரு நிமிடம் பாருங்கள். கிளிமானூர் மாமன் பார்த்தது போலப் பாருங்கள்.

பள்ளிகளை நடத்தும் அருட்சகோதரியருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவான விண்ணப்பம் ஒன்று உண்டு. பொதுத்தேர்வு நெருங்கும்போது முதலில் பலியாவது ஓவிய வகுப்பு. கணக்கு அதை எடுத்துக் கொள்கிறது. அடுத்த வாரம் அறிவியல் எடுத்துக் கொள்கிறது. இது பல பள்ளிகளில் காணும் வழக்கம். வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்தை மட்டுமாவது யாரும் தொடாமல் காத்துக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளியின் ஒரு நீண்ட சுவரை வெள்ளையடித்து மாணவியரிடம் ஒப்படைக்கலாம். சுண்ணாம்பு நம் ஊரில் விலை உயர்ந்த பொருள் அன்று.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. கைப்பேசியில் ஒரு விசையைத் தட்டினால் இன்று படம் வந்து விடுகிறது. ஆனால் கண் பழகுவது தட்டுவதால் வருவதன்று. ஆசிரியர் மறுத்தபோது இரவில் கற்றவர், பேசக்கூட வாய்ப்பில்லாமல் நின்று பார்த்துக் கற்றவர் இரவிவர்மா. அவர் பிழைகளை அறிந்துகொள்ளுங்கள். அவர் உழைப்பைக் கடைப்பிடியுங்கள். மங்களா பாய்க்குக் கிடைக்காத பள்ளிக்கூடம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. தோழியின் முகத்தை, தாயின் கையை, உங்கள் தெருவை, உங்கள் நிறத்திலேயே வரையத் தொடங்குங்கள். சுவர் கேளுங்கள், கேட்டுப் பெறுங்கள். அடுத்த ஆண்டு மலரின் அட்டைப் படத்தை உங்களில் ஒருத்தியே தீட்டித் தந்தால், இக்கட்டுரை எழுதிய பயன் கிட்டிவிடும்.